ஆடியில் பூக்கும் கருவை

"ஆடிக் காத்துக்கு அந்தப் பக்கம் போகாதீங்க மாப்பிள்ளை, அங்க வந்து…"

அங்கே வந்து என்ன என்பதுதான் எனக்கு ஞாபகம் இல்லை தம்பி. என் மாமனார் சொன்னது. இந்தக் கருவங்காட்டுக்குள் இருந்த முனியசாமிக்கு அவர்தான் பூசாரி. எனக்குக் கல்யாணமான புதிது, மஸ்கட்டுக்கு விமானம் ஏறாத காலம். இதே கண்மாய்க் கரையில் நின்று, இன்றைக்கு நீங்கள் வேரோடு பிடுங்க வந்திருக்கிறீர்களே, இதே காட்டைக் காட்டிச் சொன்னார். "அங்க சாமி சாப்பிடும்" என்றாரா, "சாப்பிட ஆள் வரும்" என்றாரா. ஏதோ சாப்பாட்டைப் பற்றித்தான். நான் பி.எஸ்ஸி. முடித்த திமிரில் இருந்தேன். பாதிதான் காதில் வாங்கினேன்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். பணியாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் டீசல் வாங்க டவுனுக்குப் போயிருக்கிறார், பங்கில் எப்படியும் நேரமாகும். பொக்லைன் நிழலிலேயே உட்காரலாம். என் மடியில் இருக்கிற துண்டைப் பார்க்கிறீர்கள், அதற்கு வருகிறேன். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் தவசிலிங்கம். அப்படிக் கேட்டால் ஊருக்குள் யாருக்கும் தெரியாது, மஸ்கட்டார் என்று கேளுங்கள். ஏசி மெக்கானிக்காகப் போய், சூப்பர்வைசராக நரைத்து, போதும் என்று திரும்பி வந்தவன்.

காலையில் வண்டியை நிறுத்தியதும் நீங்கள் நிமிர்ந்து கரண்டுக் கம்பியைத் தேடினீர்கள். டிரான்ஸ்பார்மர் இரைகிறது என்று நினைத்திருப்பீர்கள். டிரான்ஸ்பார்மர் இல்லை தம்பி. ஈ. தேனீ. காடு முழுக்க இரைகிறது. அதோ வேலியோரம் நீலப் பெட்டிகள் தெரிகின்றனவே, அவை என்னுடையவை. மிச்சம் இருப்பவை. மற்ற பெட்டிகள் காலியாகி வீட்டில் அடுக்கிக் கிடக்கின்றன. என் மனைவி பஞ்சவர்ணம் அதில் ஒன்றில் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறாள். காற்றோட்டமாக இருக்கிறதாம், அழுகவில்லையாம்.

இந்தக் கரிசலில் எந்த மாதம் எது பூக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தையில் கொத்தமல்லி. காடு முழுக்க வெள்ளையாக நிற்கும், வாசம் பஸ்ஸுக்குள் வரும். மாசியில் பனை பாளை விடும். பதநீர்க் கலயத்தில் என் ஈக்கள் விழுந்து கிடக்கும், பனையேறி என்னை ஏசிக்கொண்டே வடிகட்டுவார். பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கும். வைகாசியில் புளி. புளியம்பூவை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, ஈ பார்த்துவிடும். ஆனி பாதிவரைக்கும் அது தாங்கும். ஆவணி போகப்போக இலந்தை. கிட்டே போனால் மூக்கைப் பொத்த வேண்டிய பூ, ஈக்கு அது விருந்து. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், தும்பை, நெருஞ்சி, வரப்பெல்லாம் பூ. மார்கழியில் கம்பும் சோளமும் மகரந்தம் கொடுக்கும். அப்புறம் திரும்பவும் மல்லி.

நடுவில் ஆடி மட்டும் ஒரு பள்ளம். ஒன்றும் பூக்காது. வேளாண்மைப் பயிற்சியில் கேட்டேன், "அந்த மாசம் சர்க்கரைப் பாகு வச்சுச் சமாளிச்சுக்கங்க சார்" என்றார்கள்.

ஆனால் நான் பெட்டி வைத்த முதல் வருஷம் ஆடியில் ஒரு குறையும் இல்லை. பெட்டியைத் திறந்தால் கனம். அடையெல்லாம் குஞ்சுப் புழு, மூலையெல்லாம் தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்குப் பின்னால் துளசியும் திருநீற்றுப் பச்சிலையும் ஒரு பாத்தி போட்டிருந்தேன். அதுதான் ஆடியைத் தாங்கிவிட்டது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். இப்போதும் பாதியாவது அந்தத் துளசிதான் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கு அடுத்துத்தான் இந்தக் கருவை விவகாரம். நானும் சும்மா தேன் விற்றுப் பிழைக்க வந்தவன் இல்லை தம்பி, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்தவன். சீமைக்கருவேலம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, கண்மாயைத் தூர்க்கிறது, மற்ற செடியை வளரவிடாது. எல்லாம் படித்துவிட்டுத்தான் கிராம சபையில் மைக்கைப் பிடித்தேன். "வெளியே இருந்து வந்தது வேரோட போகணும்" என்றேன். நல்ல கைதட்டல். பின்னால் இருந்து ஒரு குரல், "அப்ப மச்சானுக்கும் மஸ்கட்டுக்கு டிக்கெட் எடுத்துருவமா?" என்றது. என் மைத்துனன் சன்னாசி. பஞ்சவர்ணத்தின் தம்பி. மாமனாருக்குப் பிறகு இப்போது அவன்தான் பூசாரி. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இந்த ஊரில் கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற பழக்கம் காலம் காலமாக உண்டு. ஒரு பக்கம் வெட்டுவார்கள், அது துளிர்ப்பதற்குள் அடுத்த பக்கம். அது போதாது என்று சொன்னவன் நான்தான். தூரைத் தோண்டி வேரை எடுக்காவிட்டால் பிரயோஜனம் இல்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பொக்லைன் வந்தது. ரோட்டோரம், புறம்போக்கு, பட்டா நிலம், எல்லாம் வெட்டவெளி ஆயிற்று. வெட்டின இடத்தில் வேம்பு, புங்கு, நாவல் என்று நம் மரக் கன்றுகளை நட்டேன். ஆடு கடித்தது போக மிச்சம் இப்போது இடுப்பளவு நிற்கிறது. அது பூக்கிறபோது பாருங்கள், இந்த ஊரே மாறிவிடும்.

மிச்சம் இருந்தது கண்மாயின் வயிற்றில் இந்த ஒரு காடுதான். இதில் கை வைக்க ஒருத்தரும் வரவில்லை. உள்ளே முனியசாமி இருக்கிறார். ஒரு கல், ஒரு அரிவாள், அவ்வளவுதான். நான் சொன்னேன், சாமியைக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று. அதற்கு நம் ஊர்ப் பக்கமெல்லாம் முறை இருக்கிறதே, பிடிமண் எடுப்பது. பழைய இடத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் புது இடத்தில் போட்டால் சாமி அங்கே வந்துவிடும். உங்கள் ஆத்தூர்ப் பக்கமும் உண்டா? இருக்கும். கரையில் நானே என் செலவில் மேடை கட்டிக் கொடுத்தேன். டைல்ஸ், டியூப்லைட், எல்லாம். நடுவில் மட்டும் ஒரு சாண் அளவுக்கு மண்ணாக விடச் சொன்னான் சன்னாசி, பிடிமண் போட.

சிவராத்திரிக்கு முந்தின நாள் ஊர் கூடி மண் எடுத்தோம். சாமி இடத்துக்குச் செருப்போடு போகக் கூடாதே. சன்னாசி வெறுங்காலோடு இந்த முள்ளுக்குள் நுழைந்தான். நான் வெளியே ஷூவோடு நின்றேன். பிடிமண்ணை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு, கல்லையும் அரிவாளையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான், கணுக்கால் எல்லாம் ரத்தம். "கருவை முள்ளு விஷம்டா, ஊசி போட்டுக்க" என்றேன். "சாமி வர்றப்ப ஊசியப் பத்திப் பேசுற ஒரே ஆளு நீங்கதான் மச்சான்" என்றான்.

இப்போது இந்த ஆடி வந்தது தம்பி.

பெட்டி கனம் இல்லை. திறந்தால் அடை காய்ந்துபோய் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ராணி முட்டை வைப்பதை நிறுத்திவிட்டது. இருக்கிற புழுவையும் ஈக்களே இழுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டன. நான் பாகு காய்ச்சி ஊற்றினேன். பாகு வாசத்துக்கு, பலமான பெட்டி ஈக்கள் நோஞ்சான் பெட்டிக்குள் புகுந்து அடித்துக்கொண்டன. வாசலில் செத்த ஈயைத் துடைப்பத்தால் கூட்டித்தான் அள்ளினேன். சண்டையை நிறுத்தி, வாசலைக் குறுக்கி, உள்ளேயே பாகு வைத்தேன். குடித்தன. குடித்து என்ன செய்ய? மகரந்தம் வேண்டுமே. பாகில் உயிர் தங்கும், குஞ்சு வளராது. ஒரு நண்பரிடம் வேன் கேட்டு மலையடிவாரம் கொண்டுபோகலாம் என்று நாலைந்து பெட்டிகளை ஏற்றினேன். அடை பலமே இல்லை. வழியில் குலுங்கியதில் உடைந்து விழுந்து ராணியோடு நசுங்கிப்போயின. பாதி வழியில் இறக்கிவைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்தேன். டிரைவர், "அண்ணே, ஈதானே, வேற வாங்கிக்கலாம்ணே" என்றார். நல்ல மனுஷர்தான்.

அப்புறம் ஓட ஆரம்பித்தன. நம் நாட்டுத் தேனீ அப்படித்தான். பசி தாங்காது என்று தெரிந்தால் பெட்டியை விட்டு மொத்தமாகப் போய்விடும். மத்தியானம் ஒரு மாதிரியாகச் சத்தம் கேட்கும், வெளியே வந்து பார்த்தால் புகை மாதிரி எழும்பும், அவ்வளவுதான். நாம் பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு, ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறது. இருபது வருஷமாக ஊரில் இல்லாதவனுக்கு, வந்த பிறகு வீட்டில் தினமும் திறந்து பார்த்து நலம் விசாரிக்க இருந்தது அவைதான். என் மகள் என்னிடம் பேசுவதைவிட நான் அவற்றிடம் பேசினது அதிகம். சிரிக்காதீர்கள்.

போன வாரம் ஒரு கூட்டம் கிளம்பியது. இந்தத் தடவை விடவில்லை நான். தலையில் துண்டோடு கொல்லை, களம், கண்மாய் என்று பின்னாலேயே ஓடினேன். பார்த்தவர்கள் எல்லாம், "மஸ்கட்டார் எங்க ஓடுறாரு, பொண்டாட்டி அடிச்சிட்டாளா?" என்றார்கள். அந்தக் கூட்டம் நேரே இந்தக் காட்டுக்குள் போய் ஒரு கிளையில் தொங்கியது. நான் குனிந்து உள்ளே போய் நிமிர்ந்தால், தம்பி, கருவை பூத்திருக்கிறது. நீங்களும் பாருங்கள், மஞ்சள் பஞ்சைத் திரித்துத் தொங்கவிட்ட மாதிரி. மழை இல்லை, தண்ணீர் இல்லை, சுட்டெரிக்கிற காற்று, இது பாட்டுக்குப் பூத்து நிற்கிறது. ஒவ்வொரு பூவிலும் ஈ. என் ஈ, மலை ஈ, கொசு மாதிரிச் சின்ன ஈ. அந்தச் சத்தத்துக்குள் நின்றபோதுதான் மாமனார் சொன்னது பாதி ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்கே மிச்சப் பெட்டிகளைச் சுமந்து கொண்டுவந்து இங்கே வைத்தேன். நேற்றுத் திறந்து பார்த்தேன். ராணி முட்டை வைத்திருக்கிறது. அரிசி நொய் மாதிரி, குழிக்கு ஒன்றாக நிற்கிறது. இலந்தை பூக்கிறவரைக்கும் இந்தக் காடு இருந்தால் போதும், பிழைத்துவிடும். அதுவரைக்கும்தான் கேட்கிறேன். அதற்குப் பிறகு ஒரு பெட்டி பல பெட்டியாகிவிடும்.

தலைவரிடம் போனேன். இதை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியாதா என்றேன். "மழைக்கு முன்னாடி முடிக்கணும் சார்" என்றார். இதன் பூவைப் பற்றிச் சொன்னேன். அவர் செல்போனை எடுத்து ஒன்றைப் போட்டுக் காட்டினார். நான்தான். கிராம சபையில் மைக் பிடித்துக்கொண்டு. ஊரில் எல்லார் போனிலும் இருக்கிறதாம். "இதுல ஒரு இடத்துலயாவது பூவைப் பத்திச் சொல்லியிருக்கீங்களா சார்?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் சொன்னதை இவர்கள் புரிந்துகொள்ளவில்லை தம்பி. ஒன்றை எடுப்பது என்றால் யோசித்து எடுக்க வேண்டும், எதை எப்போது எடுப்பது, அதை நம்பி என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இவர்கள் ஒருத்தன் பேச்சைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்குகிறார்கள். படிப்பு இல்லாத ஊரில் இதுதான் பிரச்சினை.

கடைசியாகச் சன்னாசியிடம் போனேன். அவன் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தான்.

"சாமி கனவுல வந்துச்சு, பழைய எடத்துக்கே போகணும்னு கேக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லு சன்னாசி" என்றேன்.

"யார் கனவுல? உங்க கனவுலயா, என் கனவுலயா?"

"யார் கனவுல வந்தா என்ன?"

"மச்சான், டைல்ஸ்ல ஏறி டியூப்லைட்டுக்குக் கீழ உக்காந்த சாமிய, திரும்ப முள்ளுக்குள்ள வான்னா வருமா? நான் வருவனா, நீங்க வருவீங்களா?"

"வெளையாடாத. என் பெட்டியெல்லாம் போயிரும்டா."

அவன் குழையைக் கீழே போட்டான். "வெளையாடுனது நான் இல்ல மச்சான். அங்க வெறும் கல்லுதான் இருக்கு, எடுத்துக்கிட்டு வான்னு சொன்னது நீங்க. நான் மண்ணள்ளுறப்ப என் கை எப்படி நடுங்குச்சுன்னு எனக்குத்தான் தெரியும். பிடிமண்ண மறுபடி எடுக்கணும்னா ஊர் கூடணும், கிடா வெட்டணும், பூசாரி கைதான் தொடணும். தனியா எடுத்தவனோட இந்த ஊர்ல யாரும் கொடுக்கல் வாங்கல் வச்சுக்க மாட்டாங்க. அது தெரியுமா ஒங்களுக்கு?"

"எடுத்து வச்சா சாமி அங்க வந்துருமா, வராதா? அதை மட்டும் சொல்லு."

கீழே போட்ட குழையைத் திரும்ப எடுத்துக் கட்டினான். "யார் வச்சாலும் வரும். வச்சவன்கிட்டதான் அப்புறம் கேக்கும்" என்றான்.

இதைப் பஞ்சவர்ணத்திடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் அடுப்பில் இருந்து திரும்பவே இல்லை. "எங்கப்பா தொட்டுப் பூசை பண்ணுன மண்ணு. அதத் தொட்டீங்கன்னா இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன். தம்பி வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். "ஈக்காகவா?" என்றும் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். இவ்வளவு காலம் நான் அங்கே இருந்தபோது வீட்டை, பிள்ளையை, இந்தச் சாமியை எல்லாம் பார்த்துக்கொண்டவள். நான் இல்லாமல் இருந்து பழகினவள். போனாலும் அவளுக்கு ஒன்றும் பெரிய வித்தியாசம் இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் இன்று காலையில் இந்தப் பணியாரத்தை அவள்தான் சுட்டுக் கொடுத்தாள். "மெஷின்காரருக்குக் குடுத்துக் கேட்டுப் பாருங்க, நல்லபடியா கேட்டா கேப்பாங்க" என்றாள்.

நல்லபடியாகத்தான் கேட்டேன். நீங்களும் நல்லபடியாகத்தான் சொன்னீர்கள், "ஓனர் வாடகைக்கு விட்டுட்டாருண்ணே, நான் நின்னா வேற ஆள் வருவாரு" என்று. நியாயம்தான். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் காலையில் நீங்கள் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டுத் தலைவரிடம் ஒன்று கேட்டீர்கள். "உள்ள சாமி கீமி இருக்காங்கய்யா? இருந்தா கை வைக்க மாட்டோம். எங்க அண்ணன் ஒருத்தரு வச்சு, இன்னைக்கு வரைக்கும் படுக்கையில கெடக்காரு" என்றீர்கள். "அதெல்லாம் கரைக்கு மாத்தியாச்சு" என்றார் தலைவர். வேலியோரம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன் நான், என் காதில் விழுந்தது. வேறு ஆள் வந்தாலும் இதைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். கேட்பார் இல்லையா?

எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை தம்பி. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. வெறும் மண். நீங்கள் டீசல் டேங்கைத் திறந்து பார்த்துத் தலைவரை அனுப்பினீர்களே, அப்போது நான் டீ எடுத்து வருகிறேன் என்று போனேன் அல்லவா. வீட்டுக்கு மட்டும் போகவில்லை. கரை வழியாகப் போனேன். மேடையில் யாரும் இல்லை. அரிவாளுக்குக் கீழே, அந்த ஒரு சாண் இடத்தில், கையால்தான் தோண்டினேன். ஈரமாக இருந்தது. காலையில் பால் ஊற்றியிருப்பான் சன்னாசி. வெறும் மண்தான், ஆனால் அள்ளினதில் இருந்து இந்தக் கை நிற்கவில்லை, பாருங்கள். டீ ஊற்றும்போது சிந்தியது அதனால்தான்.

அதோ, கரைமேல் பைக் சத்தம். தலைவர்தான். பின்னால் கேனைப் பிடித்துக்கொண்டு வருவது சன்னாசி மாதிரி இருக்கிறது.

துண்டில் இருப்பது முனியசாமி. செருப்பைக் கழற்றி உங்கள் வண்டிக்கு அடியில் விட்டிருக்கிறேன். உள்ளே போய், அந்தப் பழைய கல் இருந்த குழியில் வைக்கப்போகிறேன்.